கவுத்து வைத்த கப்புகள்

எனக்கு எழுபத்தேழு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சையும் கரை சேர்த்துவிட்டேன். யார் வீட்டு வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வாரம் கோபத்தோடுதான் எழுதப் போகிறேன். கிழவிக்கு வேலை இல்லை, கத்துகிறாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கல்யாணக் கதையை எழுதும்போது, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய இடத்தில் விட்டிருந்தேன். அது அப்படியே நிற்கட்டும். மாப்பிள்ளை எங்கேயும் ஓடிவிட மாட்டார். அவர் போய்ச் சேர்ந்தே வருஷம் பல ஆச்சு.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்தது இலங்கையில், மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீடுகள். படித்தது ரெண்டாம் வகுப்பு. இப்போது இருப்பது அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில், என் மகன் சேகர் வீட்டில். நான் பென்சிலில் எழுதுவேன், பேத்தி நிலா கம்ப்யூட்டரில் அடிப்பாள். எழுத்து என்னுடையது, கோபமும் என்னுடையது.

எனக்குக் கிடைத்த வேலை

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம். இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். உள்ளே போனால் பீட்சாவும் தரை துடைக்கிற மருந்தும் கலந்து ஒரு வாசம் வரும். அன்றைக்கு அங்கே கண்காட்சி. தமிழர்கள் வாழ்கிற நாடுகளின் வரலாற்றைப் பெரிய அட்டையில் எழுதி, படம் ஒட்டி, வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் விளக்க வேண்டும். நிலாவின் வகுப்புக்கு விழுந்தது இலங்கை.

எனக்கு விழுந்தது டீ ஊற்றுகிற வேலை.

அதில் எனக்குக் குறையில்லை. பொங்கல் விழாவில் என் டீயைக் குடித்துவிட்டு, "ஆன்ட்டி, இது மாதிரி டீ இந்தியாவுலகூடக் குடிச்சதில்ல" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். இலங்கை அட்டைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு, 'சிலோன் டீ சுவைத்துப் பாருங்கள்' என்று ஒரு காகிதத்தையும் ஒட்டி, என்னை நிறுத்தினார்கள். அடியில் குழாய் வைத்த பெரிய ஸ்டீல் பாத்திரம். அடுக்கடுக்காகக் காகிதக் கப்புகள்.

டீத்தூள் மவுரி அவென்யூ கடையில் வாங்கினது. டப்பா மேல் ஒரு பெண் கூடை சுமந்துகொண்டு பல் தெரியச் சிரிப்பாள். அவளை எனக்குப் பிடிக்காது. அடைமழையில் சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காலில் அட்டைப்பூச்சி ஏற ஏறக் கொழுந்து பறிக்கும்போது எவளும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தொப்பி பிடித்தவனும் மம்பட்டி பிடித்தவனும்

கூட்டம் வருவதற்கு முன்னால் நிலாவைக் கூப்பிட்டேன். "அட்டையில என்னடி எழுதியிருக்கு, வாசி" என்றேன்.

அவள் விரல் வைத்து வாசித்தாள். அரசர்கள் வந்தார்கள், குளம் வெட்டினார்கள். போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள். பிறகு, "ஆங்கிலேயர் மலைக்காடுகளை வெட்டித் தேயிலை பயிரிட்டனர். ரயில் பாதை அமைத்தனர். இலங்கைத் தேயிலை உலகப் புகழ் பெற்றது." அதற்கு அடுத்த கட்டத்தில் சுதந்திரம். அதற்கு அடுத்ததில் சண்டை. கடைசியில் கடற்கரையும் யானையும்.

"அவ்வளவுதானா?"

"தட்ஸ் இட், அப்பாயி."

"காட்ட வெட்டுனது யாருன்னு போடலியே?"

"பிரிட்டிஷ்னு போட்டிருக்கே."

"வெள்ளக்காரன் தொப்பி புடிச்சு எங்க ஆளுங்க பார்த்திருக்காங்க. மம்பட்டி புடிச்சு யாரும் பார்த்ததில்லடி."

நிலா சிரித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, "நான் கோபாலன் அங்கிள்கிட்ட கேட்டேன். டீ எஸ்டேட் பீப்பிள் பத்திப் போடலாமான்னு. ஹி செட் அது வேற டாபிக், இடம் இல்லன்னு" என்றாள்.

கோபாலன் சார்தான் அந்த வகுப்புக்கு வாத்தியார். சென்னைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்காக ஓடி ஓடிச் செய்வார், எதிரே பார்த்தால் கும்பிடுவார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இடம் இல்லையாம். யானைக்கு இடம் இருந்தது. நல்ல பெரிய யானை.

'திரும்பிப் போய்ட்டாங்க'

கூட்டம் வந்தது. நானும் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர் சன்னிவேலிலிருந்து ஒரு குடும்பம், அப்பா அம்மா ரெண்டு பிள்ளைகள். என்னிடம் டீயை வாங்கிக்கொண்டு அட்டைக்குப் போனார்கள். அந்த அம்மா நல்ல அம்மா. கப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், இந்தத் தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க தமிழங்கதானே? அவங்களைப் பத்தி ஒண்ணும் காணோமே?" என்று கேட்டாள்.

என் கை குழாயிலேயே நின்றது.

கோபாலன் சார் சொன்னார்: "அவங்க இந்தியாலேருந்து கூலி வேலைக்கு வந்தவங்கம்மா. டெம்பரரியா வந்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் திரும்பிப் போய்ட்டாங்க. அது இந்திய ஹிஸ்டரில வரும். இது இலங்கை ஹிஸ்டரி."

கப் நிரம்பி மேசையெல்லாம் டீ ஓடியது. குழாயை மூடினேன்.

"சார்" என்றேன். "எங்க திரும்பினோம்?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா, டீ தீர்ந்துடுச்சா?"

"டீ இருக்கு. திரும்பிப் போய்ட்டாங்கன்னு சொன்னீங்களே. நான் போறதுக்கு முன்னாடி இந்தியாவப் பார்த்ததே இல்ல. என் ஆத்தா பார்த்ததில்ல. பார்க்காத ஊருக்கு எப்படி சார் திரும்புறது?"

நான் பிறந்த வருஷம்

கோபாலன் சார் என்ன பதில் சொன்னார் என்பதை அப்புறம் சொல்கிறேன். அவர் நிற்கட்டும், நான் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

எங்கள் முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து, பஞ்சம் பிழைக்கக் கடல் தாண்டினவர்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்தே மலைக்குப் போனார்கள். வழியில் காய்ச்சலில் விழுந்தவர்களை அங்கங்கே விட்டுவிட்டு மீதிப் பேர் நடந்தார்கள் என்று என் ஆத்தா சொல்வாள், அவளுக்கு அவள் ஆத்தா சொன்னது. போய்ச் சேர்ந்தவர்கள்தான் காட்டை வெட்டினார்கள். பாதை போட்டார்கள். அந்த மலையில் முதல் நாற்றை நட்டவன் கையும் தமிழன் கைதான், அவன் பேர்தான் யாருக்கும் தெரியாது. துரை பேர் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் நான் பிறந்தேன். அந்த வருஷமே சட்டம் போட்டார்கள். தோட்டத்து ஜனம் இந்த நாட்டு ஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உன் அப்பன் இங்கே பிறந்தானா, அவன் அப்பன் இங்கே பிறந்தானா, அத்தாட்சி காட்டு என்றார்கள். லயத்தில் பிறக்கிற பிள்ளைக்கு அத்தாட்சி அந்தச் சுவரும் கூரையும்தான். அதையா பிடுங்கிக்கொண்டு போய்க் காட்ட முடியும்?

நான் தொட்டிலில் கிடந்தேன், எனக்கு நாடு இல்லை. கூடை தூக்கினபோது இல்லை. கல்யாணம் கட்டினபோது இல்லை. கடைத்தெருவுக்குப் போனால், "கள்ளத்தோணி" என்பார்கள், திருட்டுத்தனமாகத் தோணி ஏறி வந்தவள் என்று அர்த்தம். தோணியையே நான் பார்த்ததில்லை, மலையில் பிறந்தவளுக்குத் தோணி ஏது?

அப்புறம் ரெண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. சாயங்காலம் கொழுந்தை நிறுத்துப் பிரிக்கிற மாதிரி. என் வீட்டுக்காரருக்கு இந்தியா என்று விழுந்தது. என் தம்பிக்கு இலங்கை என்று விழுந்தது. ஒரே லயத்தில் ஒட்டின சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தேசம், அந்தப் பக்கம் ஒரு தேசம்.

எங்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு மலையில் ஒரு பேர் உண்டு, அழுகைக் கோச்சி. கோச்சி என்றால் எங்கள் பேச்சில் ரயில். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள், உள்ளே இருந்தவர்களும் அழுதார்கள். என் தம்பி எங்கள் ஆத்தாவின் தேங்காய் துருவிப் பலகையைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினான். அது நுழையவில்லை. இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். "காலைத் தூக்கி உள்ள விடுடா", "அக்கா, இதுக்குக் காலே மூணு இருக்கு" என்று ரெண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். கோச்சி நகர்ந்துவிட்டது. பலகை அவன் கையிலேயே நின்றது.

என் மடியில் மூத்த மகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் தங்கச்சி பெத்த கைக்குழந்தை செல்வி. தங்கச்சி பிரசவத்திலேயே போய்விட்டாள். தேயிலை நிரை ஓரமாகத்தான் அவளைப் புதைத்தோம். கல் கிடையாது, பேர் கிடையாது. மேலே ஒரு தேயிலைச் செடி. செல்விதான் நான் பெறாமல் வளர்த்த அஞ்சாவது.

கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கியது. மண்டபம் முகாமில் மணல் காற்று. அங்கே எங்களுக்குக் கொடுத்த பேர் 'தாயகம் திரும்பியோர்'. கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பிறந்தவன்தான் சேகர். பள்ளிக்கூடத்தில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் சிலோன்" என்பார்கள். அந்த ஊரை அவன் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, பெரியவனாகி வேலைக்கு வந்த பிறகு யார் கேட்டாலும் "ஊட்டிப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வான். நானும் அதைக் கிளறினதில்லை.

வீட்டில் பேச என்ன இருக்கு?

இப்போது கோபாலன் சாரிடம் வருகிறேன்.

அவர் நெளிந்தார். "ஐயோ, அம்மா, நீங்க அங்கேருந்தா? சேகர் சொல்லவே இல்லையே. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைச் சொல்லல, ஜெனரலா சொன்னேன். குழந்தைங்களுக்கு ரொம்ப காம்ப்ளிகேட் பண்ண வேண்டாம்னுதான்."

"மூணு ஐரோப்பாக்காரன் பேரை மனப்பாடம் பண்ணுற பிள்ளைக்கு நாங்க ஒரு வரி தாங்க மாட்டோமா?"

"இடம் இல்லம்மா, பாருங்க."

"யானையைக் கொஞ்சம் நகர்த்துங்க."

சன்னிவேல் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் சேகர் வந்துவிட்டான். வாசலில் கார் நிறுத்துகிற இடம் காட்டிக்கொண்டிருந்தவன். மஞ்சள் சட்டை, நெற்றியெல்லாம் வேர்வை.

"அம்மா, விடுங்கம்மா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்ல பேச என்னடா இருக்கு? வீட்ல எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்க இங்கதான் நிக்கிறாங்க."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

நிலா தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பாயி, ப்ளீஸ்" என்றாள். பாவம், அவள் சிநேகிதப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். எனக்கும் மனசு கொஞ்சம் இளகியது. பேசாமல் குழாயைத் திறக்கலாம் என்றுகூட நினைத்தேன். கோபாலன் சார் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், "அம்மா, அதெல்லாம் பழைய கதை. நீங்க டீ குடுங்கம்மா, எல்லாரும் வெயிட் பண்றாங்க" என்று.

டீ குடுங்கம்மா.

இருநூறு வருஷமாக இதைத்தானே சொல்கிறார்கள்.

ஒரு கப்பை எடுத்தேன். மேசை மேல் கவுத்து வைத்தேன். அடுத்ததை எடுத்தேன், அதையும் கவுத்தேன். வரிசையாக மேசை நிறைகிற வரைக்கும் கவுத்துக்கொண்டே போனேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கூடை கவுக்கிற நியாயம்

அது என்ன வழக்கம் என்று கேட்பீர்கள்.

எங்கள் தோட்டத்தில் பிள்ளை மடுவம் என்று ஒன்று உண்டு. இங்கே டேகேர் என்கிறார்களே, அதுதான். ஆத்தாக்காரிகள் மலைக்குப் போகும்போது பாலகனை அங்கே தொட்டிலில் விட்டுப் போக வேண்டும். ஒரு மழைக்காலம் அதன் கூரைத் தகரம் பிய்ந்து, தொட்டில் மேலேயே ஒழுகியது. வேலை வாங்குகிற கங்காணியிடம் சொன்னோம். கணக்கப்பிள்ளையிடம் சொன்னோம். துரையிடம் சொல்கிறேன் என்றார்கள். ஒரு பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி இழுத்தது. அப்போதும் துரையிடம் சொல்கிறேன் என்றார்கள்.

மறுநாள் காலையில் பிரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், மூக்காயி என்கிற ஒரு பொம்பளை கூடையை முதுகிலிருந்து இறக்கினாள். கவுத்து வைத்தாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவளைப் பார்த்து அடுத்தவள். அவளைப் பார்த்து நான். களம் பூராவும் கூடைகள் கவுந்து கிடந்தன, கோழியை மூடி வைத்த மாதிரி.

கூச்சல் கிடையாது, கொடி கிடையாது. ஒரே ஒரு நியாயம்தான். கவுத்தவள் கைதான் நிமிர்த்த வேண்டும். வேறு யாராவது தொட்டால் அவளை அடித்ததற்குச் சமம். கங்காணிக்கும் அது தெரியும். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். கெட்ட வார்த்தையெல்லாம் பேசினார்கள், கூடையை மட்டும் ஒருத்தனும் தொடவில்லை. மேலே கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, கீழே நாங்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தோம். தகரம் வந்து இறங்கின பிறகுதான் மூக்காயி தன் கூடையை நிமிர்த்தினாள்.

கூடலூருக்கு வந்தும் நாங்கள் ஒரு தடவை கவுத்திருக்கிறோம், குடிதண்ணீருக்காக. அப்போது சேகர் சின்னப் பையன். என் கூடைக்குப் பக்கத்தில் நாள் பூராவும் உட்கார்ந்திருந்தான்.

சேகர் சொன்னது

கோபாலன் சாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்குக் கை நடுங்கி ஏதோ செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. "பரவாயில்லம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க, நானே குடுத்துடறேன்" என்று சொல்லி முதல் கப்பை நிமிர்த்தக் கையை நீட்டினார்.

"சார், அதைத் தொடாதீங்க."

சொன்னது நான் இல்லை. சேகர்.

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அப்படிக் குரலை உயர்த்திப் பேசி நானே கேட்டதில்லை.

"என்னப்பா சேகர், வெறும் பேப்பர் கப்..."

"எங்க ஊர்ல கவுத்தவங்கதான் நிமிர்த்தணும் சார். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"எந்த ஊர்ல? ஊட்டிலயா?"

சேகர் கவுத்து வைத்த கப்புகளைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவன் இப்போது மழுப்பினால் நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன், இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று தோன்றியது.

"அதுக்கும் முன்னாடி" என்றான் சேகர். "நுவரெலியாப் பக்கம். எங்க அம்மா பொறந்தது அங்க, எங்கப்பா பொறந்தது அங்க, எங்க பெரியக்கா பொறந்தது அங்க. எங்க சித்தியைப் புதைச்சிருக்கிறதும் அங்கதான். ஸ்கூல்ல என்னை சிலோன்னு கூப்பிட்டாங்க சார். இங்க வந்து நீங்க அது உங்க ஹிஸ்டரி இல்லங்கறீங்க. அப்ப என்னைய எதுக்கு அப்படிக் கூப்பிட்டாங்க?"

சொல்லிவிட்டு ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டான். மஞ்சள் சட்டையோடு.

வாசலில் இனிமேல் கார் யார் பார்ப்பார்கள் என்று ஒரு ஆள் கேட்டான்.

அப்போது வசந்தி எழுந்து வந்தாள். யாழ்ப்பாணத்துப் பொம்பளை, சண்டையில் வீடு வாசலை விட்டு வந்தவள். அட்டையில் சண்டையைப் பற்றின கட்டத்துக்குப் பிள்ளைகளுக்கு உதவி செய்ததும் அவள்தான். பாதி குடித்த டீயைக் குப்பைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கப்பைக் கொண்டுவந்து என் கப்புகளுக்குப் பக்கத்தில் கவுத்து வைத்தாள்.

"அம்மா சொல்லுறது சரி, கோபாலன் சேர்" என்றாள். "இந்த ஆக்களின்ர உரிமையைப் பறிக்கேக்க, எங்கட பெரிய மனுசரிலயும் சிலபேர் பாராளுமன்றத்தில அதுக்குக் கை தூக்கினவை. அதையும் சேர்த்து எழுதுங்கோ. எனக்கு வெக்கம்தான், ஆனா எழுதுங்கோ."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் இதை என் முகத்துக்கு நேராகச் சொன்னது அன்றைக்குத்தான்.

கோபாலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிலா, ஒரு சார்ட் பேப்பர் எடும்மா" என்றார்.

நான் சொல்லச் சொல்ல நிலா பெரிய எழுத்தில் எழுதினாள்: 'மலைக்காட்டை வெட்டியது, பாதை போட்டது, கொழுந்து பறித்தது நாங்கள். சுதந்திரம் வந்ததும் எங்களுக்கு நாடு இல்லை என்றார்கள். அப்போது தமிழ்ப் பெரியவர்கள் சிலரும் கை தூக்கினார்கள். பிறகு எங்களைப் பங்கு போட்டார்கள். நாங்கள் திரும்பவில்லை, அனுப்பப்பட்டோம். எங்களில் நிறையப் பேர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள், இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறார்கள்.'

சேகர்தான் அதை அட்டையில் வைத்து, நாலு மூலைக்கும் நாலு குண்டூசி போட்டு அழுத்திக் குத்தினான். யானை முக்கால்வாசி மறைந்துவிட்டது. தும்பிக்கை மட்டும் தெரிந்தது.

நான் எழுந்து கப்புகளை நிமிர்த்தினேன். டீ ஆறிப்போயிருந்தது. ஆறின டீயையே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள்.

காப்பெல்லிலிருந்து வந்த போன்

இந்த இடத்தில் இது முடிந்திருந்தால் இவ்வளவு கோபம் வேண்டியதில்லை. நாலு பேர் மனசு மாறினார்கள், நல்லது என்று போயிருப்பேன்.

அந்த அட்டைகளையெல்லாம் கட்டி டெக்சாஸுக்கு அனுப்பினார்கள். அங்கே காப்பெல்லில் இருக்கிற தமிழ் வகுப்பிலும் அதே கண்காட்சி. காப்பெல்லில்தான் என் செல்வி இருக்கிறாள். நர்ஸ் வேலை. "பெரியம்மா, நான் லீவு போட்டுட்டுப் போய்ப் பார்க்கப் போறேன். என் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் அந்தப் பேப்பர் முன்னாடி நிக்க வெச்சு போட்டோ எடுக்கப் போறேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

போனாள். போன் வந்தது. செல்வி சாதாரணமாக அழுகிறவள் இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள்.

"பெரியம்மா, அது இல்ல."

"எது இல்ல?"

"நிலா எழுதுன பேப்பர். இல்ல. அட்டை இருக்கு. ராஜா இருக்கான், வெள்ளக்காரன் இருக்கான், யானை நல்லா முழுசாத் தெரியுது. நம்ம பேப்பரக் காணோம். குண்டூசி குத்துன நாலு ஓட்டை மட்டும் சின்னதா இருக்கு."

அங்கே பொறுப்பாக இருந்தவரிடம் கேட்டிருக்கிறாள். "பேக் பண்றப்ப கழண்டு விழுந்திருக்கும் சிஸ்டர்" என்றாராம். கோபாலன் சாரிடம் சேகர் கேட்டான். தனக்குத் தெரியாது, தான் அனுப்பும்போது இருந்தது என்று அவர் சத்தியம் செய்கிறார். நான் அவரை நம்புகிறேன். நடுவில் எவர் கையோ.

கழண்டு விழுந்ததாம். ஒரு குண்டூசி கழண்டது என்றால் நம்பலாம். ரெண்டு என்றால் யோசிக்கலாம். நாலும் ஒரே சமயத்தில், தானாக, ஒரு ஓட்டைகூடப் பெரிசாகாமல் கழண்டதாம். பிடுங்கினவனுக்குப் பேர் கிடையாது. எங்களை அப்படித்தான் எப்போதும் பிடுங்குவார்கள். கேட்டால் தானாகக் கழண்டது என்பார்கள், திரும்பிப் போனோம் என்பார்கள்.

செல்வி கடைசியில் ஒன்று கேட்டாள். "பெரியம்மா, எங்கம்மா அங்கதானே கிடக்கா? அவளைப் புதைச்ச மண்ணோட கதையில அவளுக்கு ஒரு வரி கிடையாதா?"

போனை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். கல்யாணக் கதையை ஒதுக்கிவிட்டு இதை எழுதினதற்குக் காரணம் இதுதான். அட்டையில் குத்தினதைப் பிடுங்கலாம். பத்திரிகையில் அச்சடித்து வீடு வீடாகப் போனதை எவன் போய்ப் பிடுங்குவான், பார்க்கிறேன்.

உன் அம்மா பேர் பொன்னம்மா, செல்வி. இதோ எழுதிவிட்டேன். பொன்னம்மா. அந்த மலையில் பிறந்தாள், அந்த மலையில் கொழுந்து பறித்தாள், அந்த மலையிலேயே கிடக்கிறாள். அவளும் அந்த நாட்டு வரலாறுதான்.

நிலா, இங்கே வாடி. அந்த போனைக் கீழே வை. நான் எழுதினதை அடிச்சு முடிச்சுட்டேல்ல, இப்ப முதல்லேருந்து வாசி. சத்தமா வாசி, உங்கப்பனுக்கும் கேக்கட்டும். எங்கயாவது குண்டூசி லேசா ஆடுற மாதிரி இருந்தா அங்க நிறுத்து, இன்னொரு தரம் அழுத்திக் குத்திடலாம்.